காதுக்கல்லை உடைத்த அண்ணி

எங்கள் மீன் ஆராய்ச்சி நிலையத்தில் அண்ணியைக் கல்லுக்காரி என்பார்கள். அவள் இல்லாத இடத்தில் கல்லுளிமங்கி என்பார்கள். நான் அங்கேயே அலுவலகப் பிரிவில் வேலை பார்க்கிறவள். நாத்தனார் என்ற உரிமையில் இரண்டு பட்டப்பெயரையும் அவள் காதில் போட்டுவைத்தேன். “ரெண்டாவதுதான் எனக்குப் பொருத்தம்” என்று சொல்லிவிட்டு மறுபடி நுண்ணோக்கியில் குனிந்துகொண்டாள்.

முதல் பேருக்குக் காரணம் அவள் வேலை. எலும்பு மீன்களின் தலைக்குள், இரண்டு பக்கமும், காதோடு சேர்ந்து ஒரு ஜோடிக் கல் உண்டு. மீன் வளர வளர அதுவும் வளரும், வருடத்துக்கு ஒரு வளையம் விழும். வளையத்தை எண்ணினால் வயது. கேட்க எளிதாக இருக்கிறது, உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால்தான் கண் பிதுங்குவது தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோதே, தட்டில் வைத்த மீன் தலையைப் பிளந்து இரண்டு கல்லையும் எடுத்துக் கழுவிக் காகிதத்தில் மடித்துக்கொண்டாள். “இந்தப் பொண்ணு சாப்பிட வந்துச்சா, பிரேதப் பரிசோதனை பண்ண வந்துச்சா?” என்று அம்மா சமையலறையில் என் காதைக் கடித்தாள். அண்ணன் மட்டும் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்தான். அவனும் கல் எண்ணுகிறவன்தான்.

நிலையத்தில் ஒரு விதி. ஒரே கல்லை இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், ஒருவர் சொன்ன வயது மற்றவருக்குத் தெரியக் கூடாது. அந்த இரண்டு பேர் அண்ணனும் அண்ணியும். குழம்புக்கு உப்பு போதுமா என்பதிலேயே ஒத்துப்போகாத ஜோடி, மீன் வயதில் மட்டும் வருடக்கணக்காக ஒத்துப்போனது. ஆழக்கடலில் கிடைக்கும் ஒரு சிவப்பு மீனை எடுத்து வைத்து அண்ணன் ஒரு வயது அட்டவணை போட்டான். மிஞ்சிப்போனால் அது பன்னிரண்டு வருடம் வாழும் என்றது அட்டவணை. சீக்கிரம் பெருகுகிற மீன், தாராளமாகப் பிடிக்கலாம் என்று அரசாங்கமும் அதை வைத்தே அனுமதி கொடுத்தது. அண்ணனைக் கூட்டத்துக்குக் கூட்டம் மேடையேற்றியதும் அதே அட்டவணைதான்.

பிறகு அண்ணிக்குச் சந்தேகம் வந்தது. பெரிய மீன்களின் கல் பருமனாக இருக்கிறது, வளையம் மட்டும் கூடவில்லையே, ஏன்? சந்தையில் அந்தச் சிவப்பு மீனின் தலைகளை வாங்கி வந்தாள். கல்லைக் குறுக்கே உடைத்து, இடுக்கியில் பிடித்து, எங்கள் சமையலறை அடுப்பிலேயே பழுப்பேற வாட்டினாள். உடைந்த முகத்தில் ஒரு சொட்டு எண்ணெய் தடவிப் பார்த்தால், வெளியிலிருந்து பார்க்கும்போது தெரியாத வளையங்கள் உள்பக்கம் நெருக்கி அடுக்கிக் கிடந்தன. வயதான மீன் நீளத்தில் வளர்வதில்லை. அதன் கல்லும் அகலமாகாமல் உள்பக்கமாகத் தடித்துக்கொண்டே போகிறது. அடுப்படியில் அவள் எண்ணிய முதல் பெரிய மீனுக்கு வயது முப்பத்தெட்டு.

“சுட்டா கல்லு விரியும். கீறலை எல்லாம் சேர்த்து எண்ணிட்டு இருக்கே நீ” என்றான் அண்ணன்.

“குட்டி மீன் கல்லையும் சுட்டேன். உடைச்சுப் பார்த்தாலும் மூணு வளையம்தான், உடைக்காம பார்த்தாலும் மூணுதான். அதுல ஏங்க கீறல் விழல?”

பதில் இல்லாதவன் வழக்கமாகச் செய்வதை அண்ணனும் செய்தான், குரலை உயர்த்தினான். “அந்த அட்டவணைதான் என் பேரு. அது உனக்குத் தெரியுமா, தெரியாதா?”

“பேரு உங்களோடது. வயசு மீனோடது. முப்பது வயசு மீனைப் பத்து வயசுன்னு சொல்லிப் பிடிக்க விட்டா, அப்புறம் கடல்ல என்ன மிச்சம் இருக்கும்?”

அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கூடப்பிறந்தவன் அல்லவா? அண்ணி கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்று தோன்றியது. அவளிடம் கேட்டும்விட்டேன். “விட்டுக்கொடுக்க அது என் சொத்தா?” என்றாள்.

அண்ணி இதை இயக்குநரிடம் கொண்டுபோனாள், சந்தையில் வாங்கிய கல் கணக்கில் வராது என்று அவர் தட்டிக்கழித்தார். மறுநாளே அண்ணி, அட்டவணைக்கு ஆதாரமான சேகரிப்பிலிருந்து, பன்னிரண்டு வயது என்று அண்ணன் எழுதிய மீனின் இடது கல்லை எடுத்து உடைத்தாள். சேகரிப்புக் கல்லில் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்பது நிலையத்தின் வேதவாக்கு. அவளை விசாரணைக்கு ஆய்வுக்கூடத்துக்கே கூப்பிட்டார்கள். குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்தார்கள்.

இயக்குநர் சண்டைக்காரர் இல்லை, வழவழா ஆள். பாம்பும் சாகக் கூடாது, தடியும் உடையக் கூடாது அவருக்கு. “பாருங்கம்மா, உடைச்சதுக்கு வருத்தம்னு ஒரு வரி சொல்லுங்க. வயசுக்கு ரெண்டு பேர் கணக்கையும் கூட்டி நடுவுல ஒண்ணு போட்டுக்கலாம். இல்லேன்னா இனிமே உங்களை நுண்ணோக்கி முன்னாடி உட்கார வைக்க முடியாது.”

அண்ணன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணிக்கு அந்த நுண்ணோக்கி என்றால் உயிர். அதை விட்டால் அவளுக்கு வேறு வேலையும் தெரியாது, ஒப்புக்குச் சிரிக்கவும் தெரியாது.

“நடுவுல இருக்கிற வயசுல ஒரு மீனும் நீந்தலை சார்” என்றாள் அவள். “எனக்கு வருத்தமும் இல்லை. உடைச்சது இடது கல்லு. அதே மீனோட வலது கல்லு இதோ.”

அவர் “அதைத் தொடாதீங்க!” என்று எழுவதற்குள், கத்தி முனையால் கோடு கிழித்து இரண்டு கட்டைவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திவிட்டாள். பட்டாணி உடைவதுபோல் ஒரு சத்தம். அவள் வேலை போனதுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. கொண்டுவந்திருந்த சாராய விளக்கைப் பற்றவைத்தாள். வாட்டினாள், எண்ணெய் தொட்டாள், நுண்ணோக்கியில் வைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்து அண்ணன் பக்கம் திருப்பிப் போட்டாள்.

“நான் எண்ணலை. நீங்களே எண்ணுங்க.”

இயக்குநர் வேண்டாம் என்று தலையசைத்தார். அண்ணன் எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். அவன் வந்து உட்கார்ந்தான். குனிந்து, திருகியைச் சரிசெய்து, நடுவிலிருந்து ஆரம்பித்தான். வாய்விட்டு எண்ணுவது அவன் பழக்கம்.

“பத்து. பதினொண்ணு. பன்னெண்டு.”

அங்கே நின்றுவிட்டான். கண்ணை எடுக்கவில்லை. அவன் காதுமடல் சிவந்துபோனது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

“பதிமூணு” என்று வாய்க்குள்ளேயே முனகினான்.

“சத்தமா சொல்லுங்க” என்றாள் அண்ணி. “உங்க தங்கச்சி எழுதிக்க வேண்டாமா?”