இருபத்தெட்டு வரிசை அரணை

அருங்காட்சியகத்தில் அவரைச் 'செதில் கணக்கர்' என்றார்கள். சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியல் மட்டுமே ஞாபகம் வைத்திருந்தது.

பாலை மணலுக்குள் நீந்தும் அரணைகளில் கூடப்பிறந்தவை மாதிரி இரண்டு இனங்கள் உண்டு. நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று வருகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு வரும். ஸ்பிரிட்டில் ஒரு மாதம் ஊறினால் எல்லாமே வெளுத்த கயிறுதான். அவர் அரணையின் நடுவுடலில் ஒரு செதிலைக் குண்டூசியால் தொட்டு, அங்கிருந்து ஒரு சுற்று எண்ணுவார். இருபத்தாறு வரிசை என்றால் எங்கும் திரிகிற சாதாரணம். இருபத்தெட்டு என்றால் அபூர்வம். சந்தேகம் வந்தால் காதைப் பார்ப்பார். சாதாரணத்துக்குக் காதுத்துளை வெளியே தெரியும், அபூர்வத்துக்கு ஒரு செதில் மூடியிருக்கும். சொந்த மைத்துனர்கள் இருவரையும் இன்றுவரை மாற்றிக் கூப்பிடுகிற மனிதர், அரணையில் மட்டும் ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை.

அன்று காலை அருங்காட்சியகத்தின் அதிகாரி அம்மா ஒரு கடிதத்தோடு வந்தார். ஊர் எல்லையில் இருக்கும் மணல்மேட்டை வெட்டிச் சமன்செய்து கிடங்கு கட்டப் போகிறார்களாம். அபூர்வ அரணை அங்கே வாழ்ந்ததற்கு ஒரே ஒரு சான்று இருந்தாலும் வேலை நின்றுவிடும். பதில் ஐந்து மணிக்குள் போக வேண்டும்.

சான்று இருக்கிறது என்றார் கணக்கர். அந்த மேட்டில் முழங்கை வரை மண்ணைத் தோண்டி, அவரே பிடித்தது. ஜாடியைக் கொண்டுவந்து எண்ணிக் காட்டினார்: இருபத்தெட்டு. அதிகாரி அம்மாவும் எண்ணினார், இருபத்தொன்பது வந்தது. தொடங்கிய செதிலையே திரும்பவும் எண்ணிவிட்டீர்கள் என்று கணக்கர் பணிவாகச் சொன்னார்.

"சரி. இடம் எங்க எழுதியிருக்கு?"

ஜாடிக்குள் கிடந்த சீட்டை இடுக்கியால் எடுத்தார். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஓரத்தில் மட்டும் இலேசாக நீலம்.

அவருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. பிடித்த இடங்களைக் குறித்திருந்த பதிவேட்டைக் கரையான் தின்ற பிறகு, இற்றுப்போன பழைய சீட்டுகளுக்குப் பதிலாகப் புதியவை எழுத வேண்டியிருந்தது. அவர் கையெழுத்து கோழி கிளறிய குப்பை. மனைவியின் எழுத்தோ அச்சு மாதிரி இருக்கும். நான்கு மாலைகள் உட்கார்ந்து அத்தனையும் எழுதிக் கொடுத்தாள், பந்துமுனைப் பேனாவால். ஸ்பிரிட்டில் பென்சில் நிற்கும், பேனா மை கரையும் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். அதை அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஓய்வு கிடைக்கும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று அப்படியே ஜாடிகளில் போட்டு வைத்தார். ஓய்வுக்கோ அவரைத் தெரியவே தெரியாது. பழைய சீட்டுகளும் குப்பையோடு போய்ச் சேர்ந்தன.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு மேடம். மேட்டோட கிழக்குச் சரிவு, ஒத்தை முள்மரம். நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"நீங்க பொய் சொல்வீங்கன்னு நான் நினைக்கலை. ஆனா மேட்டைக் காப்பாத்தணும்னு இன்னைக்குத்தான் உங்களுக்கு அது ஞாபகம் வந்துச்சுன்னு கிடங்கு கட்டுறவங்க சொல்வாங்க. அப்ப நான் என்ன பதில் சொல்றது?"

இந்த அரணை யார் என்று அவரால் சத்தியம் செய்ய முடியும். எந்த ஊர்க்காரர் என்று கேட்டால், உலகத்திலேயே அது தெரிந்த ஒரே ஆளின் வாய்க்கு மதிப்பில்லை. நாலரைக்கு அதிகாரி அம்மா பதில் கடிதத்தில் 'பிடித்த இடம்: தெரியவில்லை' என்று எழுதி அவரிடம் நீட்டினார். சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவர் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்து உடம்புக்கு என்ன என்றாள். ஒன்றுமில்லை, அதிகாரி அம்மா இன்று ஜாடிகளைப் பார்த்தார் என்றார்.

அவள் கை நின்றது. "என் எழுத்தைப் பார்த்தாங்களா?"

"சீட்டை எடுத்துப் பார்த்தாங்க."

"என்ன சொன்னாங்க?"

"அவங்களால ஒண்ணும் சொல்ல முடியலை."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. பாதி மடித்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவரும் சொன்னார்.