நத்தைக் கூட்டில் குடியிருந்த மீன்கள்

நான் அஞ்சாவதோடு நின்னவன். ஆனாலும் ஒத்தை ஆளா இருபது ஏக்கர் தென்னை உண்டாக்கினவன். என்னை எதிர்த்து யாரும் கேள்வி கேட்டதில்லை. கோபாலபுரத்து எடைமேடைக்காரர் மட்டும் கேட்டார்.

ஒல்லியான ஆள். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாக நூல் கட்டியிருப்பார். வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்திருந்தார். அதில் அரை விரல் நீள மீன்கள், காலி நத்தைக் கூட்டுக்குள் குடியிருந்து அங்கேயே குஞ்சு பொரிக்கும். அவை மிரளக் கூடாதென்று தொட்டி பக்கத்தில் மெதுவாகத்தான் பேசுவார்.

குஞ்சு பெருகிக் கூடு பத்தவில்லை என்றார். என் தோப்பில் செத்துக் கிடந்த நத்தைகளின் கூட்டை ஒரு பை நிறையக் கொடுத்தேன்.

"நத்தைக்கு மருந்து அடிச்சீங்களாங்க?"

"என்ற தோப்புல மருந்தா? நல்லாக் கேட்டீங்க போங்க!"

பெருமைக்குச் சொன்ன பொய். அந்த நத்தைகளைக் கொன்றதே நான் அடித்த மயில்துத்தம்தான்.

மூன்றாம் நாள் போனேன். கூடுகளைத் தட்டித் தட்டிச் செத்த மீன்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நெசமாலுமே அடிக்கலீங்களா?"

"இல்லீங்க."

"அப்ப நாந்தானுங்க ஏதோ தப்புப் பண்ணிட்டேன்" என்று தொட்டித் தண்ணீரை வாசலில் கொட்டினார்.

நம்பித்தான் சொன்னாரா, என் மானத்தைக் காப்பாற்றச் சொன்னாரா, தெரியவில்லை. இன்றைக்கும் தேங்காய் லோடோடு போனால் எழுந்து நின்று கும்பிடுகிறார்.