சத்தம் வருது, படம் வரல

என் தம்பி கேம் ஆடி ஆடித்தான் கண்ணைக் கெடுத்துக்கொண்டான் என்று எங்கள் பிளாக்கில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காய்கறிக் கடையில் என்னை நிறுத்தி வைத்து, "பாவம், அந்த கம்ப்யூட்டர வாங்கிக் குடுக்காம இருந்திருக்கலாம்" என்பார்கள். எனக்கு வருகிற கோபத்தில் கூடையை அங்கேயே போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவன் மண்டைக்குள் கட்டி வளர்ந்திருந்தது. அழுத்தம் கூடி, பார்வை நரம்பு வீங்கிப்போயிருந்தது. கேமுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று புதுச்சேரியில் டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஆபரேஷனில் உயிர் பிழைத்தான். பார்வைதான் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் அதே டாக்டர்தான் சொன்னார். நாங்கள் அத்தனை மாதமும் சிஸ்டத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த நேரம் அவனுக்கு. குவார்ட்டர்ஸின் பின்னறையில் ஒவ்வொரு பாகமாக வாங்கிச் சேர்த்து, அவனே பூட்டிய சிஸ்டம் அது. ஒரு பக்கம் கண்ணாடி வைத்த கேபினெட், உள்ளே கலர் கலராக விளக்கு. மலைப்பாதையில் லாரி ஓட்டுகிற கேம் ஒன்றுதான் அவன் உயிர். திரைச்சீலையை இழுத்துவிட்டு, லைட்டை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் காதில் விழாது. அப்பாவுக்குக் கேம் பிடிக்காது, மெஷின் பிடிக்கும். அனல் மின் நிலையத்தில் மெயின்டனன்ஸில் இருந்தவர். ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். வீட்டில் மிக்சி கத்தினால்கூட அவருக்கு உற்சாகம் வந்துவிடும்.

முதலில் வந்தது உண்மையான கோளாறு. ஆடிக்கொண்டிருக்கும்போதே சிஸ்டம் பட்டென்று நின்று, தானாகத் திரும்ப ஆரம்பிக்கும். அப்பா கேபினெட்டைத் திறந்து பார்த்தார். எங்கள் ஊரில் துவைத்துக் காயப்போட்ட துணியிலேயே சாம்பல் படியும், அது சிஸ்டத்தை விட்டுவைக்குமா? ஃபேன் இறக்கைகளில் அப்பிக் கிடந்தது. தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் புளோயர் வாங்கி வந்து ஊதி, பிராசஸர் மேல் சூட்டைத் தணிக்கிற பேஸ்ட்டைப் புதிதாகத் தடவி மூடினார். அதோடு நிற்பது நின்றது. அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை, ஒரு வாரம் வந்தவர் போனவரிடமெல்லாம் அதையே சொன்னார். அந்த வெற்றிதான் எங்களைக் கெடுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

ஏனென்றால் கொஞ்ச நாள் கழித்துத் தம்பி வேறொன்று சொன்னான். திடீரென்று திரை கறுப்பாகிவிடுகிறதாம், சில விநாடிகளில் தானே வந்துவிடுகிறதாம். இடையில் லாரியின் சத்தம் மட்டும் நிற்காமல் வருகிறதாம். மந்தாரக்குப்பத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தவரிடம் போய்ச் சொன்னோம். சத்தம் வருது, படம் வரல என்று சொன்னதுமே, படம் காட்டுகிற கிராஃபிக்ஸ் கார்டு கெட்டிருக்கும், இல்லையென்றால் கேபிள் என்று அவர் சொல்லிவிட்டார். உலகத்தில் யாரிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

கேபிளை மாற்றினோம். மானிட்டரைக் கழற்றிவிட்டு ஹாலில் இருந்த டிவியில் மாட்டிப் பார்த்தோம். கடைக்காரர் தன்னுடைய கிராஃபிக்ஸ் கார்டையே கழற்றி இரவல் கொடுத்தார். ரேமை இடம் மாற்றிச் செருகினோம், பவர் சப்ளையை மாற்றினோம், விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டோம். கடையில் நாள் முழுக்க சோதனை ஓடவிட்டபோது ஒரு தடவைகூடக் கறுப்பாகவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் மறுநாளே "போச்சுப்பா" என்பான். பிளாண்ட்டிலும் இப்படித்தான், பெரிய இன்ஜினியர் வந்து நின்றால் மெஷின் நல்ல பிள்ளையாக ஓடும் என்று அப்பா சிரிப்பார். பிளாண்ட்டில் இன்ஸ்ட்ரூமென்ட் பிரிவில் இருந்த எதிர் வீட்டுக்காரர் ஒருநாள் மீட்டரோடு வந்துவிட்டார். எங்கள் பிளாக்கில் அந்தத் துறை, இந்தத் துறை என்று ஆளுக்கொரு கோளாறு சொன்னார்கள். எல்லாரும் மெஷினோடு வாழ்கிறவர்கள், கண் மெஷின் மேல்தான் போகும்.

அம்மா மட்டும்தான் வேறு மாதிரி பேசினாள். அவனுக்கு அப்போது காலையில் எழுந்ததும் தலைவலி வரும், சில நாள் வாந்தியும் எடுத்தான். "பொழுதன்னைக்கும் அதுலயே குந்திக்கினு இருந்தா தலை வலிக்காம என்னா பண்ணும்" என்று திட்டிக்கொண்டே சுக்கு தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுப்பாள். தலைவலிக்குக் காரணம் சிஸ்டம், சிஸ்டத்துக்குக் காரணம் கார்டு. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் காரணம் கிடைத்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா பின்னறைக்கு வந்து நின்றார். எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது, மாற்றாதது ஓட்டுகிற ஆள் மட்டும்தான் என்றார். தம்பி தெரியாமல் எந்தப் பட்டனையோ அழுத்துகிறான் என்பது அவர் கணக்கு. திரைச்சீலையை விலக்கி, டியூப் லைட்டைப் போட்டு, ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் சத்தம் வைத்து, என்னைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். தான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். தம்பி என் பின்னால் நின்றான். எனக்கு ஸ்கூட்டியே ஒழுங்காக ஓட்ட வராது, லாரி எங்கே வரும்? ரோட்டை விட்டு இறங்கி மரத்தில் மோதினேன், அவன் விழுந்து விழுந்து சிரித்தான். யாருக்கு வேண்டுமானாலும் லைசென்ஸ் கொடுத்துவிடுகிறார்கள் என்று கிண்டல் செய்தான். அப்படி அவன் சிரித்துப் பார்த்துக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் காலில் சுற்றியிருந்த ஹெட்போன் ஒயரை எடுத்துவிடக் குனிந்து நிமிர்ந்தான்.

"பாருங்கப்பா, போச்சு!" என்றான். கடைசியில் அப்பா கண் முன்னாலேயே பிடித்துக் கொடுத்துவிட்ட வெற்றி அவன் குரலில் இருந்தது.

என் எதிரே திரையில் லாரி போய்க்கொண்டிருந்தது. வளைவில் மஞ்சள் பலகைகூட வந்தது. கிண்டல் செய்கிறான் என்று நினைத்துத் திரும்பினேன். அவன் நேராகத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எதுப்பா போச்சு?" என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

"படம்தான். சத்தம் மட்டும் வருது பாருங்க."

அப்பா திரையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். எழுந்து போய் அவன் முகத்துக்கு நேரே கையை நீட்டி, விரல்களை விரித்து அசைத்தார். அவன் இமைக்கவில்லை. அப்போதுதான் அவனுக்கே ஏதோ சரியில்லை என்று பட்டது. முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினான்.

"என்னப்பா, லைட்டும் போயிடுச்சு? கரண்ட் போயிடுச்சா?"

தலைக்கு மேல் டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது, ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியூரெல்லாம் மின்வெட்டில் மணிக்கணக்காக இருட்டில் கிடந்த அந்த வருஷங்களில் எங்கள் டவுன்ஷிப்பில் விளக்கு அணைவது அபூர்வம். அபூர்வமாக அணைந்தால், அது தன்னுடைய மானப் பிரச்சினை போல அப்பா வாசலுக்கும் போனுக்கும் நடப்பார்.

"ஆமாம்ப்பா, கரண்ட்தான் போயிடுச்சு" என்றார் அப்பா. "இரு. இப்ப வந்துடும்."

அவர் குரல் நடுங்கவில்லை. அவர் வாய்தான் கோணிக்கொண்டு போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் லாரி எதிலோ இடித்து, இன்ஜின் வீணாக உறுமிக்கொண்டிருந்தது.

தம்பி ரெண்டு மூன்று தரம் கண்ணைச் சிமிட்டினான்.

"ஆங், வந்துடுச்சு" என்றான். முகமெல்லாம் சிரிப்பு. "நீ என்னாக்கா என்னையே பாத்துக்கினு இருக்க? ரோட்டப் பாத்து ஓட்டு."