எட்டு மார்க் முழங்கால்

1. அனுப்பிவைத்தேன்

ஜெயக்கொடியிடம் "உங்களுக்கு டாக்டர் தேவையில்லம்மா, எக்சர்சைஸ் போதும்" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியவள் நான்தான். தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் இருபத்தாறு வருஷம் பிசியோதெரபிஸ்டாக இருந்திருக்கிறேன். என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டபோது, நான் கெட்டிக்காரத்தனமாகச் செய்ததை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். திரும்பத் திரும்ப இந்த அம்மாள்தான் வந்து நிற்கிறார். சரி, இதையே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஓ.பி.க்கு மூட்டுவாத டாக்டர் ஒருவர் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை திருச்சியிலிருந்து வருவார். மதியம் ஒரு மணிக்குக் கிளம்பிவிடுவார். மூட்டு வலி என்று வருகிற கூட்டம் முழுவதையும் அவரால் பார்க்க முடியாது. யாரை அவரிடம் அனுப்புவது என்று பிரிக்க ஒரு படிவம் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டு கேள்விகள். "கஷ்டமே இல்லை" என்றால் பூஜ்யம், "முடியவே முடியாது" என்றால் நான்கு. கூட்டினால் இருபதுக்கு மேல் வருகிறவர் டாக்டரிடம் போவார். குறைவாக வந்தால் என்னிடம் வந்து எக்சர்சைஸ் சார்ட் வாங்கிக்கொண்டு போவார். நோயாளியே நிரப்ப வேண்டும் என்பது விதி. எங்கள் ஊரில் நான் வாசிப்பேன், அவர்கள் சொல்வார்கள், நான் டிக் அடிப்பேன்.

2. கேள்விகள் எங்கிருந்தோ வந்தவை

அது வெளிநாட்டுப் படிவம். யாரோ தமிழில் ஆக்கியிருந்தார்கள். "குளியல் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைப்பதில் சிரமம் உண்டா?" என்று ஒரு கேள்வி. காலமெல்லாம் ஆற்றிலும் பம்புசெட்டிலும் குளித்தவர்களிடம் அதை வாசிக்க எனக்கே வெட்கமாக இருக்கும்.

திருவாரூர்ப் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம், "கடைக்குப் போய் சாமான் வாங்கிட்டு வர்றதுல கஷ்டம் இருக்கா பாய்?" என்று கேட்டேன்.

"கஷ்டமே இல்லம்மா. கடையே நம்மளோடதுதானே, நான் எங்க போயி வாங்கப்போறேன்?" என்றார்.

நானும் சிரித்துக்கொண்டே பூஜ்யத்தில் டிக் அடித்தேன். அவர் கடைக்கு நடந்து போகிறாரா, பையன் பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறானா என்று கேட்கத் தோன்றவில்லை. அப்போதே மண்டையில் ஏறியிருக்க வேண்டும், ஏறவில்லை.

3. ஏழு படிகள்

ஜெயக்கொடி ஒரு சித்திரை மாதத்துச் சனிக்கிழமை வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து நடவுக்கு அழைத்துப்போகிறவர். நிலக்காரர்கள் அவருக்குத்தான் போன் போடுவார்கள். அடுத்த மாதமே குறுவை நடவு ஆரம்பம், அதற்குள் முழங்காலுக்கு ஒரு ஊசி போட்டுக்கொண்டு போய்விடலாம் என்று வந்திருந்தார்.

"கீழ உக்காந்து எந்திரிக்கக் கஷ்டமா?"

"இல்லைங்க."

"படி இறங்கும்போது?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. நல்லா எறங்குவேன்."

"ராத்திரி வலி?"

"இருக்குங்க. இந்த வயசுல இல்லாம இருக்குமா?"

கூட்டினேன். எட்டு. எனக்கு ஒரே சந்தோஷம். எக்சர்சைஸ் சார்ட்டைக் கொடுத்து, காலை நீட்டி மடக்கக் காட்டிக் கொடுத்து அனுப்பினேன். அப்போது மணி பன்னிரண்டே முக்கால். டீ குடிக்கலாம் என்று வாசலுக்கு வந்தேன்.

எங்கள் மருத்துவமனை வாசலில் ஏழு படிகள் உண்டு. மூட்டு நோயாளிகள் வருகிற இடத்தில் ஏழு படி வைத்தவரை நான் தினமும் திட்டியிருக்கிறேன். பக்கத்தில் சாய்வுப் பாதையும் உண்டு, அதில் ஸ்கூட்டர்கள் நிற்கும். ஜெயக்கொடி அந்தப் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தார். முகம் என்னைப் பார்த்திருந்தது, முதுகு தெருவைப் பார்த்திருந்தது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே போனார்.

"என்னம்மா, பின்னாடியே எறங்குறீங்க?"

"முன்னாடி எறங்குனா முட்டி விட்டுப்போகுதுங்க. பின்னாடின்னா வலியே இல்ல. நடவுல நாள் முழுக்கப் பின்னாடிதானே போறோம், பழக்கந்தானே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடியே நான் போட்ட டிக் ஞாபகம் வந்தது. படி இறங்கக் கஷ்டமே இல்லை என்று அவர் சொன்னது பொய்யில்லை. நான் போட்ட டிக்தான் பொய்.

4. பதினைந்து நிமிஷம்

"ஏறி வாங்க ஜெயக்கொடி."

"பஸ்ஸு போயிரும்ங்க."

"போகட்டும். வாங்க."

டீயும் போயிற்று. படிவத்தைத் தூர வைத்துவிட்டு, காலையில் எழுந்ததிலிருந்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கீழே உட்கார்ந்து எழக் கஷ்டமில்லை, ஏனென்றால் ஒரு வருஷமாகக் கீழேயே உட்காரவில்லை. சாப்பாடு நின்றுகொண்டுதான். கட்டிலுக்குக் கீழே இரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார். பந்திக்குப் போனால் பரிமாறுகிறேன் என்று கரண்டியைப் பிடித்துக்கொள்வாராம், உட்கார வேண்டாமே.

"அப்ப நடவு?"

இதற்கு மட்டும் குரல் இறங்கியது. "போன தாளடி நடவுல நான் வயல்ல எறங்கலைங்க. வரப்புல நின்னு அதட்டிக்கிட்டே இருந்தேன். பெரிய மனுஷியாயிட்டான்னு பொம்பளைங்க பேசிக்கிறாங்க. பேசட்டும். முடியலன்னு தெரிஞ்சா வேற ஆளு பின்னாடி போயிருவாங்க."

"முட்டி வலிக்காகவா எறங்கல?"

"முட்டி மட்டும்னா எறங்கியிருப்பேன். நாத்துமுடியில நாத்தப் பிரிக்க முடியலங்க. காலையில வெரலு மடங்காது. வெந்நீர்ல வச்சுக்கிட்டே இருந்து, பத்து மணிக்கு மேலதான் கொஞ்சம் கேக்கும்."

கையை நீட்டச் சொன்னேன். இரண்டு கையிலும் விரல் கணுக்கள் புடைத்துச் சூடாக இருந்தன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தேய்மான வலி இப்படி விடிந்து பத்து மணிவரை விரலைக் கட்டிப்போடாது. இது முடக்குவாதம். சீக்கிரம் மருந்து தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம், விட்டால் விரல் கோணிவிடும், அப்புறம் எந்த ஊசியாலும் நேராக்க முடியாது. படிவத்தில் விரலைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை, ஏனென்றால் அது முழங்கால் படிவம். அவர் முழங்கால் என்று வந்ததால் அதைக் கொடுத்திருந்தோம்.

மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. டாக்டர் பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தார். நான் கதவை மறித்து நின்றேன்.

"ஸ்கோர் எவ்வளவு மேடம்?"

"எட்டு சார்."

"எட்டா? அப்ப ஏன்…"

"ஸ்கோரை விடுங்க சார். கையைப் பாருங்க."

பார்த்தார். பையைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

5. மார்க் ஏறிய நாள்

ரத்தப் பரிசோதனையில் வாதம் உறுதியானது. மாத்திரை தொடங்கினார்கள். குறுவை நடவைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டாள். கூட நடவுக்கு வரும் பெண்கள் எல்லோரிடமும் நோயைச் சொல்லிவிடுங்கள் என்று நான்தான் வற்புறுத்தினேன். ஒருத்தியும் விட்டுப்போகவில்லை.

ஐப்பசியில் தாளடி நடவு முடிந்த கையோடு மறுபரிசோதனைக்கு வந்தார். விதிப்படி அதே படிவத்தை வாசித்தேன். கூட்டினால் இருபத்தொன்று. டாக்டர் முகம் சுருங்கிவிட்டது.

"மருந்து கேக்கலையாம்மா? எட்டு இருந்தது இருபத்தொண்ணா ஆயிருக்கே."

ஜெயக்கொடி என்னைப் பார்த்தார், அப்புறம் டாக்டரைப் பார்த்தார். "போன தடவ நான் எதுவும் செய்யலைங்களே சார், அதான் கஷ்டமும் இல்ல. இப்ப வெரலு நல்லா மடங்குது. நாலு நாள் வயல்ல எறங்கி நட்டேன். கீழ உக்காந்து சாப்புடுறேன், எந்திரிக்கத்தான் ஒரு ஆளு வேணும். கஷ்டமாத்தான் இருக்கு."

டாக்டர் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அன்றிலிருந்து ஓய்வு பெறும்வரை, படிவத்தின் ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் பென்சிலால் ஒரு கேள்வி எழுதிவைத்தேன்: "இதைச் செய்கிறீர்களா? எப்படி?" பதில் வந்த பிறகுதான் கஷ்டமா என்று கேட்பேன். நேரம் இரட்டிப்பாகும், வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். நீங்களும் அப்படியே கேளுங்கள். முடிந்தால் நோயாளி போகும்போது வாசல்வரை போய்ப் பாருங்கள்.

ஜெயக்கொடி மறுபரிசோதனைக்கு வந்த அன்றைக்கு நான் போனேன். ஜெயக்கொடி படியில் நின்று கைப்பிடியைப் பிடித்தார். முகம் தெருவைப் பார்த்திருந்தது. ஒரு படி, அப்புறம் இன்னொரு படி.

"வலிக்குதா?" என்று மேலிருந்து கேட்டேன்.

"வலிக்குதுங்க" என்றார் திரும்பாமலே, குரல் நிறையச் சந்தோஷத்தோடு.