வாலில் ஒட்டிய மயில்

எங்கள் அப்பாவுக்கு மயில் பைத்தியம். பக்திப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள், வியாபாரப் பைத்தியம். பட்டறையிலிருந்து ஒரு பம்புசெட்கூட தோகை விரித்த மயில் ஒட்டாமல் வெளியே போகாது. தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து வழுக்கி எடுத்து ஒட்டுகிற படம், டிரான்ஸ்பர் என்போம். காலேஜ் முடித்துவிட்டுக் கல்யாணத்துக்குக் காத்திருந்த எனக்கு அதை ஒட்டுவதுதான் வேலை. பெரிய பட்டதாரி உத்தியோகம்!

அண்ணன் பட்டறை வேண்டாமென்று விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்துவிட்டான். அதிலிருந்து அப்பா அவன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. ஆயுத பூஜைக்கு லீவில் வருகிறான் என்று தெரிந்ததும் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டாள். நான் அவன் பம்பாயிலிருந்து பெட்டியில் பாகம் பாகமாக அனுப்பியிருந்த பிளாஸ்டிக் பொம்மை விமானத்தை எடுத்துப் பொருத்த உட்கார்ந்தேன். பெட்டி மூடியில், தான் பராமரிக்கும் விமானத்தின் நம்பரை எழுதியிருந்தான். பூஜையில் அதை வைத்தால் அப்பா ஏதாவது கேட்பார், அண்ணன் பதில் சொல்வான், அப்படியே பேச்சு ஆரம்பித்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அசட்டுக் கணக்கு.

பெட்டியோடு வந்த டிரான்ஸ்பர் வெள்ளைக்காரன் விமானத்துக்கானது. சிவப்பு, வெள்ளை, நீல வட்டங்கள். அதை அண்ணனின் விமானத்தில் ஒட்ட எனக்கு மனசு வரவில்லை. எங்கள் மயிலை அச்சடிக்கிற அச்சகத்துக்கே போய், நம் விமானப்படையின் வட்டத்தை நடுவில் காவி, அப்புறம் வெள்ளை, சுற்றிலும் பச்சை, தனியாக அந்த நம்பர் என்று வரைந்து காட்டினேன். அச்சகக்காரர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாஞ் சரிங்க அம்மணி. மயிலு எங்கீங்க வெக்கறது?"

"மயிலு வேண்டாமுங்க."

"அப்பா ஒண்ணுஞ் சொல்ல மாட்டாருங்களா?"

சிரித்துவிட்டு வந்தேன். காவி முதலில் செங்கல் நிறத்தில் வந்தது; சண்டை போட்டுத் திரும்ப அடிக்க வைத்தேன். பம்புக்கு என்றால் ஈரத்துணியால் ஓங்கி ஒரு தேய்ப்பு, முடிந்தது. இது மூச்சு பட்டாலே நகர்ந்தது. பிரஷ் நுனியால் தள்ளித் தள்ளி இடம் பார்த்து, மல் துணியால் ஒற்றி எடுத்தேன். கடைசியாக வாலில் நம்பர். கோணாமல் உட்கார்ந்ததும் எனக்கே கண் கலங்கிவிட்டது.

பூஜையன்று காலையில் பட்டறைக்குள் போனேன். லேத், டிரில்லிங் மெஷின் எல்லாம் சந்தனமும் குங்குமமுமாக இருந்தன. நடுவில், முந்தின ராத்திரி நான் வைத்துவிட்டுப் போன விமானம். வாலில் நம்பர் இல்லை, சுரண்டிய தடம்தான் இருந்தது. அதன்மேல் மயில். பம்புக்கு அடித்த மயில் அந்தச் சின்ன வாலில் அடங்காமல் தோகை மறுபக்கம் மடிந்து கிடந்தது.

"ஏனுங்கப்பா இப்படிப் பண்ணிப்போட்டீங்க?"

"நம்ம பூசையில வெக்கற மெஷின்ல ஊரான் நம்பரு எதுக்கு?"

ஊரானாம்! பெற்ற பிள்ளை ஊரான்! சந்தனக் கிண்ணத்தைத் தூக்கி அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது.

போத்தனூரில் ரயில் இறங்கி, டிரங்குப் பெட்டியோடு நேராக அங்கேயே வந்தான் அண்ணன். விமானத்தைக் கையில் எடுத்து வாலைப் பார்த்தான்.

"இதையும் பம்புசெட்டு ஆக்கிப்போட்டீங்களாங்க?"

அப்பா அவன் பக்கம் திரும்பவில்லை. அம்மாவிடம் சொன்னார்: "கற்பூரத்தைத் தொட்டுக் கும்புடச் சொல்லு."

அவன் கும்பிட்டான். பொரி கடலைகூட வாங்கிக்கொள்ளாமல் பெட்டியைத் தூக்கினான். எங்கள் ஊரில் கிளம்புகிறவர்கள் "வாரேன்" என்றுதான் சொல்வார்கள், வராதவர்கள்கூட. அவன் என்னைப் பார்த்து, "போறேன் அம்மணி" என்றான்.

அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். பத்திரிகை அனுப்பியும் அவன் வரவில்லை. சீரில் வைக்க அப்பா ஒரு கிரைண்டர் வாங்கி, அதற்கு எங்கள் பட்டறை மோட்டாரையே பூட்டினார். மயில் ஒட்டச் சொல்லி என்னைத்தான் கூப்பிட்டார். ஈரத்துணியால் ஓங்கித் தேய்த்து ஒட்டினேன்.