சின்னம்மா ஊர்வலத்தில் சேர்ந்த நாள்

எங்கள் சித்தப்பாவைப் போல மரியாதை தெரிந்த மனிதர் சிங்காநல்லூரிலேயே கிடையாது என்றுதான் பத்து வயதுவரை நான் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் போகிற எங்களைக்கூட 'வாங்க, போங்க' என்பார். வீட்டின் முன்னறையில் லேத் பட்டறை வைத்திருந்தார். உள்ளே போகவும் வெளியே வரவும் அதன் வழியாகத்தான் வழி.

அம்மாவின் தங்கையான சின்னம்மா அந்த வீட்டுக்குள் இருந்தாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டே தெருதான். ஆனாலும் எட்டு மாதமாக அவள் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. அம்மா பார்க்கப் போனால், "இப்பத்தானுங்க படுத்தா" என்பார் சித்தப்பா. அப்பா ஒருநாள் நியாயம் கேட்கப் போனவர், டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் குழம்பு கொண்டுபோனால் தூக்குப்போசியைப் பட்டறையிலேயே வாங்கிக்கொண்டு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுவார். "அவளப் பாத்தியா கண்ணு?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம் நான் மிட்டாயைக் காட்டியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான வன்முறையை ஒழிக்கும் நாள் என்று சொல்லி எங்கள் பள்ளியில் ஊர்வலம் வைத்தார்கள். வன்முறை என்றால் சினிமாவில் வருவது என்று நினைத்திருந்தேன். டீச்சர் "கை எதற்கு?" என்று கேட்டால் நாங்கள் "உழைக்க!" என்று கத்த வேண்டும். "ஓங்கவா?" என்றால் "இல்லை!" மூங்கில் குச்சியில் கட்டிய அட்டை ஒன்று எனக்கும் கிடைத்தது. பெருமை தாங்கவில்லை.

முன்னால் ஒரு போலீஸ்காரர் நடக்க, ஊர்வலம் சித்தப்பாவின் தெருவுக்குள் திரும்பியது. அவர் பார்க்க வேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்தினேன். எண்ணெய்க் கையைத் துடைத்தபடி வெளியே வந்து, சிரித்துக்கொண்டே நின்றார். அவருக்குப் பின்னால் கதவோரம் சின்னம்மா. அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். சட்டென்று உள்ளே போய்விட்டாள். என்னைப் பார்த்தும் பேசவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது.

கடைசி வரிசையில் நான் வாசலைத் தாண்டும்போது அவள் வெளியே வந்தாள். இடுப்பில் அவள் மகன், ஒன்றரை வயதுத் தம்பி; காலில் செருப்பு. வேறொன்றும் இல்லை. சித்தப்பாவைத் தாண்டி நேராக என்னிடம் வந்து குச்சியைப் பிடித்தாள்.

"நானும் புடிக்கறன் கண்ணு."

அவள் மணிக்கட்டு வீங்கிக் கறுத்திருந்தது. கதவில் நசுக்கிக்கொண்டாள் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

"அம்மணி, வெயில்ல எங்க போறே? உள்ள வா" என்றார் சித்தப்பா, அதே மெல்லிய குரலில். பிறகு டீச்சரிடம், "ஏனுங் டீச்சர், அவளுக்கு மேலுக்குச் சொகமில்லீங்க. அனுப்பீருங்க."

டீச்சர் சின்னம்மாவின் மணிக்கட்டைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள்.

"கொஞ்ச தூரந்தானுங்களே. நடந்தாச் சரியாப் போயிருமுங்க" என்று சொல்லிவிட்டு எங்களை நகர்த்தி, சின்னம்மாவை வரிசையின் நடுவில் விட்டாள். "ஆரும் வரிசையை உடைக்கக் கூடாது. நடங்க!"

போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். சித்தப்பா அவருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு எங்களுக்குப் பக்கத்திலேயே மெதுவாக உருட்டியபடி வந்தார். சின்னம்மா ஒரு முறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. "இல்லை!" என்று மட்டும் எங்களோடு சேர்ந்து சொன்னாள். முதலில் சத்தமே வரவில்லை. போகப் போக வந்தது.

திருச்சி ரோட்டு பஸ் நிறுத்தத்தில் ஊர்வலம் முடிந்தது. பிஸ்கட் கொடுப்பார்கள் என்று காத்திருந்தோம். அதற்குள் தாராபுரம் பஸ் வந்து நின்றது. சின்னம்மா பிறந்த ஊர் தாராபுரம். அவள் டீச்சர் காதில் ஏதோ சொன்னாள். டீச்சர் தன் மணிபர்ஸை அப்படியே அவள் கையில் திணித்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். சித்தப்பா வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். டீச்சர் எங்களைப் படிக்கட்டைச் சுற்றி நிறுத்தி மறுபடியும் ஆரம்பித்தாள்.

"கை எதற்கு?"

அறுபது பேர் சித்தப்பாவின் முகத்துக்கு நேரே கத்தினோம். ஊர்வலந்தான் முடிந்துவிட்டதே, பிஸ்கட்டைக் கொடுக்காமல் இது என்ன என்று எனக்கு எரிச்சல். பஸ் கிளம்பும்வரை டீச்சர் விடவில்லை.

சித்தப்பா தனியாக நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "சின்னம்மா நாளைக்கே வந்துருவாங்க சித்தப்பா" என்றேன்.

"அக்கட்ட போடி" என்றார்.

வீட்டில் அம்மா மூன்று தடவை கேட்டாள்: "பஸ் ஏறிட்டாளா? உம்படக் கண்ணுல பாத்தியா?" பார்த்தேன் என்றதும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

சித்தப்பா இரண்டு முறை தாராபுரம் போய்க் கூப்பிட்டார். சின்னம்மா வரவில்லை. அங்கேயே துணி தைத்துத் தம்பியை வளர்த்தாள். எனக்கோ, பட்டறையைத் தாண்டும்போதெல்லாம் அவர் ஒண்டியாகச் சோறாக்கித் தின்பது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அந்த வருடம் முழுக்க வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போய், சின்னம்மாவைச் சீக்கிரம் சித்தப்பாவிடம் கொண்டுவந்து சேர்க்கும்படி கண்ணை இறுக மூடி வேண்டிக்கொண்டேன். நல்லவேளை, அம்மன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.