கன்னத்தில் கை வைத்த சிப்பாய்

எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு முதலில் கிடைத்த வேலை, ஒரு காலண்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கிற வேலை. இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. பட்டாளத்தில் இருப்பவர்களும் ஓய்வு பெற்றவர்களும் மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்கக் கூடாது என்று சென்னையிலுள்ள ஒரு தொண்டு நிறுவனம் விளம்பரம் செய்துகொண்டிருந்தது. எங்கள் சாத்தூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு என்பதால் கொஞ்சம் தாராளமாகவே செய்தார்கள். வானொலியில் ஒரு பாட்டு, பஸ் ஸ்டாண்டுகளில் தட்டி, பட்டாளத்து வீடுகளுக்கெல்லாம் ஒரு தினசரிக் காலண்டர். சூலக்கரையில் வாடகைக் கட்டடம் பிடித்து ஒரு மையம் திறந்து, வியாழக்கிழமைதோறும் மதுரையிலிருந்து ஒரு டாக்டரை வரவழைத்தார்கள். டாக்டர் தவறாமல் வந்தார். நோயாளிதான் வரவில்லை. நாலு மாதமாக அவர் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு பஸ் ஏறிக்கொண்டிருந்தார்.

விளம்பரம் கண்ணில் பட்டதா, பட்டும் ஏன் வரவில்லை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டுப் படிவத்தில் எழுதுவது என் பொறுப்பு. அதற்கு மதிப்பீடு என்று பெயர். கையில் படிவ அட்டை, கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் அசாத்திய கர்வம். அப்படித்தான் திரிந்தேன்.

அதே சமயத்தில் அண்ணன் லீவில் வந்தான். அவன் ஹவில்தார். காஷ்மீரில் இருந்து இரண்டு மாத லீவு. அம்மாவுக்கு ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. பட்டாளத்து ஆள் லீவில் வந்தால் வாசலில் சரவெடி போட்டு வரவேற்பது எங்கள் தெரு வழக்கம். எதிர்வீட்டுப் பையனுக்கு ஐயாயிரம் வாலா போட்டிருந்தார்கள். அதனால் அம்மா தன் மகனுக்குப் பத்தாயிரம் வாலா வாங்கித் தெரு நீளத்துக்கு விரித்து வைத்திருந்தாள். அண்ணன் ஆட்டோவிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தான். பற்ற வைத்தார்கள். அடுத்த நொடி அண்ணனைக் காணோம்.

புகை அடங்கிய பிறகு பார்த்தால், ஆட்டோவுக்குப் பின்னால் இரும்புப் பெட்டியைத் தலைமாட்டில் இழுத்து வைத்துக்கொண்டு குப்புறக் கிடந்தான்.

"என்னப்பா, அங்கன என்னத்தத் தேடுற?" என்றாள் அம்மா.

"செருப்பு கழண்டு போச்சும்மா" என்றான்.

அவன் காலில் இருந்தது பட்டாளத்து பூட்ஸ். கெண்டைக்கால்வரை கயிறு கட்டியிருந்தது. ஆனாலும் தெரு மொத்தமும் செருப்பைத் தேடியது. நானும் குனிந்து தேடினேன்.

எங்கள் ஊரில் தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் கம்பெனிகளில் புதுச் சரக்கை வெடித்துப் பார்ப்பார்கள். அண்ணன் சரியாக நாலு மணிக்குக் குளிக்கப் போக ஆரம்பித்தான். முக்கால் மணி நேரம் குளிப்பான். ஒரு வாளி தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும் ஊரில் இது பெரிய ஊதாரித்தனம். அம்மா கூட, "பனியிலயே கெடந்த பிள்ள, ஆசை தீரக் குளிக்கட்டும்" என்று விட்டுவிட்டாள்.

மதினிதான் ஒருநாள் முறத்தை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "உங்கண்ணே ராத்திரில தூங்குறதே இல்ல. முழிச்சுக்கிட்டே படுத்திருக்காக. டாக்டரப் பாப்போம்னா 'எனக்கென்ன கிறுக்கா'ங்காக. இப்பிடியே திரும்பிப் போயி துப்பாக்கியத் தூக்குனா என்ன ஆகும்? இன்னும் இருபத்தஞ்சு நாள்தான் இருக்கு."

"பாப்போம் மதினி" என்றேன். பட்டாளத்துக்காரர்கள் ஏன் டாக்டரிடம் போவதில்லை என்று கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிற நான் சொன்ன பதில் அது. சொல்லிவிட்டுப் படிவங்களை அடுக்கப் போய்விட்டேன்.

நாலு மணிக்கு ஊரில் இல்லாமல் இருக்க அண்ணனுக்கு ஒரு வழி கிடைத்தது. என்னை பைக்கில் ஏற்றிக்கொண்டு வீடுவீடாகக் கூட்டிப் போக அவனே முன்வந்தான். எனக்கும் பஸ்ஸுக்கு நிற்கிற தொல்லை விட்டது.

முதல் வீடு சாத்தூரில். எங்கள் காலண்டர் இருக்கிறதா என்று கேட்டதும், "இந்தா தொங்குதே" என்று அந்த அம்மா சுவரைக் காட்டினார். பார்த்தால் மயிலோடு முருகன். நாங்கள் கொடுத்ததில், ஒரு சிப்பாய் பெட்டிமேல் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டிருப்பான். அவனுக்குக் கீழே 'மனசுக்கும் மருந்து உண்டு' என்று எழுதி, மையத்தின் முகவரி போட்டிருக்கும். தேதி கிழிக்கிற கட்டு எங்களுடையதுதான். படம் மட்டும் முருகன். அடுத்த வீட்டில் லட்சுமி. அதற்கடுத்த வீட்டில் பிள்ளையார். ஆறாவது வீட்டில் பொறுக்க முடியாமல் பிள்ளையாரின் ஓரத்தை நகத்தால் பெயர்த்தேன். உள்ளே எங்கள் சிப்பாய் கன்னத்தில் கையோடு இருட்டில் உட்கார்ந்திருந்தான்.

"யம்மா, சாமியக் கிழிக்காத" என்று அந்த வீட்டுக்கார அம்மா ஓடி வந்தார். "கன்னத்துல கை வச்சவன வருசப் பொறப்பும் அதுவுமா எவ வீட்டுல மாட்டுவா? எங்க வீட்டுல சாப்பிடுற பிள்ள கன்னத்துல கை வச்சாலே ஒரு அடி விழும். காலண்டரு நல்ல காலண்டரு, நல்லநேரம் எமகண்டம் எல்லாம் தெளிவா இருக்கு. அதான் மேல சாமிய ஒட்டிட்டோம்."

சிவகாசி அச்சாபீஸில் வீட்டுக்கு ஒருவர் வேலை பார்க்கிற ஊர்கள் இவை. சாமி படத்துக்கா பஞ்சம்? பட்டாசு ஒட்டுகிற பசையும் வீட்டிலேயே இருக்கிறது. கெட்டியாகவே ஒட்டியிருந்தார்கள். சென்னையில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்த மகராசன் யாரென்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இதில் எனக்கும் பங்கு உண்டு. படம் எப்படி என்று என்னிடமும் காட்டினார்கள். மேலதிகாரிகள் முன்னால் நான் 'உருக்கமாக இருக்கு சார்' என்றுதான் சொன்னேன்.

ஆண்களிடம் கேட்டது இன்னும் மோசம். ஒரு தெருவில் எதிரெதிர் வீட்டில் இரண்டு பழைய சுபேதார்கள். முதலாமவர் மீசையை நீவிக்கொண்டு, "எனக்கு ஒரு கொறையுமில்ல தாயி. எதிர்வீட்டு ஆளுதான் பாவம், கூரைத் தகரத்துல தேங்கா விழுந்தாக்கூட கட்டிலுக்கு அடியில போயிருவாரு. அவருட்ட கேளு" என்றார். எதிர்வீட்டுக்குப் போனேன். அவர் கதவைச் சாத்திவிட்டு ரகசியமாக, "நான் நல்லா இருக்கேன். அங்கன இருக்காரே, அவருதான் தூக்கத்துல ஆர்டர் போடுதாரு. தெருவே அட்டென்ஷன்ல நிக்கி" என்றார். நான் வெளியே வந்தபோது இருவரும் அவரவர் வாசலில் நின்று என்னைப் பார்த்துப் பரிதாபமாகத் தலையாட்டினார்கள். பைக்கில் ஏறியதும் அண்ணன் சிரித்தான். லீவில் வந்த பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. வண்டிப் புகை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சென்னை மேலதிகாரிக்குப் போன் செய்தேன். எல்லா வீட்டிலும் காலண்டர் தொங்குகிறது என்று கேட்டதும், "வெரி குட்மா" என்றார். முருகனையும் இரண்டு சுபேதார்களையும் பற்றிச் சொன்னேன். அவர், எல்லோரும் அடுத்தவரைத்தானே கைகாட்டுகிறார்கள், அடுத்தவரைப் பற்றியே கேட்கிற மாதிரி படிவத்தை மாற்றுவோம் என்றார். புதுப் படிவத்தை முதலில் வீட்டு ஆள் ஒருவரிடம் ஒத்திகை பார்க்க வேண்டும். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது விதி.

வீட்டில் இருந்த ஒரே பட்டாளத்து ஆள் அண்ணன். ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிகளுக்கு லீவு. அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். மதினி பக்கத்தில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். நான் அட்டையை மடியில் வைத்து, அதிகாரக் குரலில் வாசித்தேன்.

"தூக்கமின்மை, சத்தம் கேட்டால் திடுக்கிடுதல் ஆகியவை உள்ள பட்டாளத்துக்காரர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவர் உங்களுக்கு என்ன உறவு?"

"கூட்டாளின்னு போட்டுக்கோ."

"எப்போதிலிருந்து?"

அண்ணன் டம்ளரைக் கீழே வைத்தான். "போன மாசிலருந்து. காலையில டீ போடுறது அன்னைக்கு அவன் மொறை. கூட இருந்தவன் 'நீ இரு, நான் போடுறேன்'னு எந்திரிச்சான். அம்புட்டுத்தான். எங்கிருந்தோ ஒரு குண்டு. எந்திரிச்சவன் போயிட்டான். இவன் உக்காந்தே இருந்தான்."

மதினியின் அரிவாள்மணைச் சத்தம் நின்றுபோயிருந்தது.  நான் அடுத்த கேள்வியை வாசித்தேன்.

"டாக்டரைப் பார்க்கும்படி அவரிடம் யாராவது சொன்னார்களா?"

"அவன் பொண்டாட்டி சொன்னா. அவதான் அழுதுக்கிட்டே சொல்லுதாளே, இவன் எப்பிடிப் போவான்? போனா இன்னும்ல அழுவா." பிறகு கேட்டான்: "அவன் எங்க போகணும்?"

"சூலக்கரை. வியாழக்கிழமை பத்து மணி."

"அவனுக்கு வழி தெரியாது, பிள்ள."

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

வியாழக்கிழமை நாங்கள் உள்ளே நுழைந்ததும் மையமே பரபரத்தது. டாக்டர் பேப்பரை மடித்துவிட்டுச் சட்டைக் காலரைச் சரிசெய்தார். வரவேற்பில் இருந்த அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, மேசையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். 'கூட்டாளிக்கு' என்று அண்ணன் சொல்லிவிடுவானோ என்று நான் அவன் முகத்தையே பார்த்தேன். அந்த அம்மா கேட்டார்: "யாருக்கு சார் பாக்கணும்?"

"எனக்குத்தான்" என்றான் அண்ணன்.

"எந்த விளம்பரத்தப் பாத்து வந்தீக?" வானொலி, தட்டி, காலண்டர், மற்றவை என்று நாலு கட்டம். அந்த அம்மாவின் பேனா காலண்டர் கட்டத்துக்கு மேலே ஆசையோடு நின்றது.

"எதையும் பாக்கல. இந்தப் பிள்ள கேட்டா" என்று என்னைக் காட்டிவிட்டு அண்ணன் டாக்டர் அறைக்குள் போனான்.

'மற்றவை' கட்டத்தில் டிக் விழுந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்து, "பாக்கியசாலி அண்ணன்" என்றார். எனக்கு எங்காவது ஓடிவிடலாம்போல் இருந்தது. ஆட்டோவுக்குப் பின்னால் அவன் கிடந்ததைப் பார்த்தவள் நான். நாலு மணிக் குளியலைப் பார்த்தவள் நான். மதினி வந்து சொன்னபோதும் அவனிடம் வாயைத் திறக்காதவள் நான். சென்னையில் ஒருவர் படிவத்தை மாற்றாமல் இருந்திருந்தால் அவன் அப்படியே ரயில் ஏறியிருப்பான், நானும் டாட்டா காட்டியிருப்பேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவன் வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது. படிவ அட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து போய் அவன் கையைப் பிடித்தேன்.

"எப்பிடி இருக்கண்ணே?" என்றேன். அந்த லீவில் நான் அவனிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.